கள்ளிக்குப்பத்தின் ஜனத்தொகை ஒன்று

ஒரு பள்ளம் திறந்து கிடந்தால் அதை மூடிவிட வேண்டும் என்று பாமர ஜனங்கள் நினைக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம், படிப்பு அவ்வளவுதான். மேற்குப் புறநகர்ப் பொது வசதி வாரியம் அப்படி அவசரப்படுகிற வாரியம் இல்லை. ஒரு பள்ளம் ஏன் திறந்திருக்கிறது, எத்தனை பேருக்குத் திறந்திருக்கிறது, அதில் ஒவ்வொருவர் பங்குக்கும் எவ்வளவு பள்ளம் வருகிறது என்பதையெல்லாம் ஆராய்ந்து பார்த்துத்தான் கடப்பாறையைத் தொடும். அதுவும் தோண்டுவதற்காக இருந்தால் சீக்கிரம் தொடும்.

அந்த வாரியத்தின் அம்பத்தூர் அலுவலகத்தில் பரந்தாமன் பதினோரு வருஷமாக இளநிலை உதவியாளர். குடியிருப்பது கள்ளிக்குப்பம், நல்லதம்பி தெரு. அந்தத் தெருவின் நட்டநடுவில், பரந்தாமனின் வாசலுக்கு நேராக, எட்டு மாதத்துக்கு முன் வாரியம் ஒரு பள்ளம் வெட்டியது. குழாயில் கசிவு இருப்பதாகக் கேள்விப்பட்டு வெட்டினார்கள். கசிவு கிடைக்கவில்லை. பள்ளம் கிடைத்தது. ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, இடுப்பளவு ஆழம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பரந்தாமனின் மனைவி ரேவதி மிஷினிலிருந்து அரைத்த மாவுத் தூக்கோடு வந்தவள், பள்ளத்தின் ஓரத்தில் கால் சறுக்கி உள்ளே உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் நாலு படி மாவு மண்ணோடு மண்ணாகப் போனது. அதைப் பார்த்த ரேவதிக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்பப்பா!

"யோவ், உன் ஆபீசு தோண்டின பள்ளம். உன் வாசல்ல கீது. உன் பொண்டாட்டி உள்ள கீறா. இன்னாய்யா பாத்துகினு நிக்கிற?"

"கை குடு ரேவதி, மொதல்ல மேல வா."

"மேல வரேன். வந்து நேரா எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். என்னிக்குப் பள்ளத்த மூடுறியோ அன்னிக்கு போன் பண்ணு."

சொன்னபடியே அடுத்த ரயிலைப் பிடித்துப் பட்டாபிராமுக்குப் போய்விட்டாள். பரந்தாமனுக்கு வெந்நீர் தவிர வேறு சமைக்கத் தெரியாது. மூன்று வேளையும் கடையில் தின்றான். தின்றதுகூடப் பரவாயில்லை, சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லையே என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. எப்பாடு பட்டாவது இந்தப் பள்ளத்தை மூடியே தீருவது என்று திங்கட்கிழமை காலையில் கங்கணம் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனான்.

போன நேரம் நல்ல நேரமில்லை. செயல் இயக்குநர் ஜானகிராமன் மூன்று நாள் பயிற்சி முகாம் முடித்து அன்றுதான் திரும்பியிருந்தார். கடற்கரையோரம் பெரிய ஓட்டல், குளுகுளு அரங்கம். அங்கே கழுத்தில் மாட்டிவிட்ட அடையாள அட்டையை மனுஷன் இன்னும் கழற்றவில்லை. தூங்கும்போதும் மாட்டிக்கொண்டுதான் தூங்கினார் என்று டிரைவர் சொன்னார்.

"இனிமே எல்லாம் டேட்டா!" என்றார் ஜானகிராமன். "நம்ம இணையதளத்துல ஜனங்க புகார் போடுறாங்க. நாம என்ன பண்றோம்? உக்காந்து படிக்கிறோம். அதான் தப்பு! புகாரைப் படிச்சா இரக்கம் வரும். இரக்கம் வந்தா முடிவு தப்பும். இனிமே யாரும் படிக்கக் கூடாது. அளக்கணும்."

மத்தியானமே சுற்றறிக்கை வந்துவிட்டது. "மேற்காண் பொருள் தொடர்பாக, பொதுமக்களின் புகார்களை வாசித்தல் என்னும் வழக்கம் இன்று முதல் கைவிடப்படுகிறது. புகார்கள் இனி அளவீடு செய்யப்படும். வாசித்தது கண்டறியப்பட்டால் தொடர்புடைய பணியாளர்மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

அளப்பதற்கு ரேஷ்மா என்று ஒரு பெண் வந்தாள். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, முகப்பேரில் வாடகைக்கு வீடு. கெட்டிக்காரி. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அவள் செய்ததெல்லாம் சரி. அதை வைத்துக்கொண்டு மற்றவர்கள் செய்ததுதான் கதை.

"சார், இணையதளத்துக்கு வர்றவங்களை மூணு குழுவா பிரிச்சிருக்கேன்," என்று திரையைக் காட்டினாள். "முகப்பேர், பட்டாபிராம், கள்ளிக்குப்பம். மொத்தப் புகாரை மட்டும் பார்த்தா ஒண்ணும் புரியாது. அதனால ஒரு கணக்கு போடுறோம். எத்தனை புகாரோ, அதைப் போட்ட ஆளுங்க எண்ணிக்கையால வகுத்துடுறோம். தலைக்கு எத்தனை புகார்னு வரும். இந்த ஒரே கணக்கு மேல ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு ஃபில்டர் போட்டா, மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம்."

"தலைக்கு எத்தனை!" ஜானகிராமன் கண்ணை மூடி ரசித்தார். "இதுக்கு ஒரு பேர் வேணுமே. மனக்குறைக் குறியீடுன்னு வெச்சுக்குவோம். போடுங்க ஃபில்டரை!"

முதலில் பட்டாபிராம் வந்தது. புகார், பூஜ்யம்.

"பார்த்தீங்களா! குறையே இல்லாத ஜனங்க!" என்று ஜானகிராமன் பூரித்துப்போனார்.

விஷயம் என்னவென்றால், பட்டாபிராம்காரர்களுக்கு வீட்டில் உட்கார்ந்து புகார் எழுத ஏது நேரம்? காலையில் சென்ட்ரல் போகிற மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டுதான் எழுதுவார்கள். பேசின் பிரிட்ஜ் பக்கம் சிக்னலுக்காக வண்டி நிற்கும் பாருங்கள், அப்போதுதான் கை ஓய்ந்து 'அனுப்பு' பொத்தானை அமுக்குவார்கள். அமுக்குகிற இடம்தான் கணக்கில் ஏறும். ஆக, தினமும் காலையில் பேசின் பிரிட்ஜ் தண்டவாளத்திலிருந்து நானூறு புகார் வந்துகொண்டிருந்தது. அது வாரியத்தின் எல்லைக்கு வெளியே என்பதால் அந்நியர் என்று வடிகட்டிவிட்டார்கள்.

"சார், அதைக் கொஞ்சம் கவனிக்கணும்," என்று ரேஷ்மா சொல்லிப் பார்த்தாள். அடுத்த ஏரியா என்றார் ஜானகிராமன்.

முகப்பேர். நாலாயிரம் பேர் தளத்தைத் திறந்திருக்கிறார்கள், புகார் போட்டவர்கள் பதினோரு பேர். மற்றவர்கள் எல்லாம் பக்கத்தைப் படம் பிடித்துக் குடியிருப்போர் சங்கத்து வாட்ஸப்பில் போட்டு, அங்கேயே ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, திருப்தியாகத் தூங்கப் போய்விட்டார்கள். "பண்பட்ட மக்கள்" என்று குறிப்பு எழுதப்பட்டது.

கடைசியாகக் கள்ளிக்குப்பம். திரையில் வந்த எண்ணைப் பார்த்து எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். புகார் அறுநூற்றுப் பன்னிரண்டு. போட்ட ஆள், ஒன்று.

"ஒரே ஆளா?" என்றார் ஜானகிராமன்.

"ஒரே கணினி சார்," என்றாள் ரேஷ்மா.

பரந்தாமனுக்குப் புரிந்துவிட்டது. வாரியத்தின் புகார்ப் படிவம் லேசுப்பட்டதா என்ன? போட்டோ ஐம்பது கேபிக்குள் இருக்க வேண்டும், ஆனால் பள்ளம் முழுசாகத் தெரிய வேண்டும். முகவரிச் சான்று பிடிஎஃப்பில் வேண்டும். விவரத்தைத் தமிழில் தட்ட வேண்டும், அதில் ஒரு புள்ளி விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சொந்தக் கைபேசியில் போராடித் தோற்ற ஜனமெல்லாம் தெருமுனையில் இருக்கிற ஜெயசீலி அக்காவின் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போகும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அஞ்சு நிமிஷத்தில் போட்டுக் கொடுத்துவிடும்.

"சார், அது ஒரு ஆள் இல்ல சார். ஜெயசீலி அக்கா கடை சார். மொத்தக் கள்ளிக்குப்பமும் அங்கதான் போய்..."

"பரந்தாமன்!" ஜானகிராமனின் குரல் உயர்ந்தது. "ஒரு குடிமகளோட பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்? தனிப்பட்ட தகவல் ஆச்சே!"

"எங்க தெரு சார். தெனம் பாக்குறேன் சார்."

"அந்தத் தெருவிலயா இருக்கீங்க? அப்ப இதுல நீங்க வாயே திறக்கக் கூடாது. பள்ளத்தைப் பார்த்தவர் பள்ளத்தைப் பத்திப் பேசினா நடுநிலைமை எங்க இருக்கு?"

பரந்தாமன் வாயை மூடிக்கொண்டான். பதினோரு வருஷத்தில் அவன் கற்ற கலை அது ஒன்றுதான்.

ஜானகிராமன் எழுந்து நின்று விஷயத்தைத் தொகுத்தார். கள்ளிக்குப்பத்தில் டேட்டாவின்படி வசிப்பவர் ஒருவர். அந்த ஒருவருக்கு மனக்குறைக் குறியீடு அறுநூற்றுப் பன்னிரண்டு. இது கவலைக்கிடம், வாரியம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதே சமயம் ஒரே ஒருவருக்காக முழுப் பள்ளத்தையும் மூடுவது அரசுப் பணத்தை வீணடிப்பது. ஒருவர் கடந்து போக எவ்வளவு அகலம் வேண்டும்? ஒன்றரை அடி. ஆகவே ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பலகை.

கோப்பில் அதற்கு "நபர் ஒருவருக்கான கடப்பு வசதி" என்று பெயர்.

அடுத்த வாரமே திறப்பு விழா நடந்தது. பள்ளத்தின் குறுக்கே பலகை, பலகைக்கு ரிப்பன், ரிப்பனுக்குப் பக்கத்தில் பொன்னாடையோடு ஜானகிராமன். விழாவைப் பார்க்கத் தெருவே திரண்டு வந்து நின்றது.

"இவங்கல்லாம் யாரு?" என்று ஜானகிராமன் பரந்தாமனின் காதில் கேட்டார்.

"கள்ளிக்குப்பத்து ஜனங்க சார்."

"டேட்டாவுல இல்லையே?" என்று சந்தேகமாகப் பார்த்துவிட்டு, ஜெயசீலியைக் கூப்பிட்டுப் பொன்னாடையைப் போர்த்தினார். "அம்மா, கள்ளிக்குப்பத்தின் சார்பா நீங்க இதை ஏத்துக்கணும்."

"இன்னா சார் இது? பள்ளத்த மூடச் சொன்னா பலகைய போட்டுகினு கீறீங்க?"

"உங்களுக்காகவே பிரத்தியேகமா செஞ்சது. நடந்து பாருங்க."

"நான் நடக்குறது இருக்கட்டும். சிலிண்டர் வண்டி எப்டி வரும்? ஆட்டோ எப்டி வரும்? ஒடம்பு சரியில்லாதவங்கள எப்டி இட்டுகினு போறது?"

"நீங்க ஒருத்தர்தானேம்மா? எத்தனை சிலிண்டர் வேணும் உங்களுக்கு?"

ஜெயசீலி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு பரந்தாமனைப் பார்த்தாள். "அண்ணாத்தே, இந்தாளு நல்லாத்தான கீறாரு?" என்று கேட்டாள். நாதஸ்வர ஒலிநாடா சத்தத்தில் நல்லவேளையாக அது ஜானகிராமனுக்குக் கேட்கவில்லை.

பரந்தாமன் அன்றைக்கு ரேவதிக்கு போன் போட்டான். "பலகை போட்டுட்டாங்க, வந்துடேன்."

"நான் இன்னா சர்க்கஸ்லயா வேலை பாக்குறேன்? மூடினா சொல்லு." வைத்துவிட்டாள்.

மனசு உடைந்துபோய் மறுநாள் ரேஷ்மாவிடம் போய் நின்றான். "நீயே சொல்லும்மா. இந்தக் கணக்குல நாங்க மனுசங்களா தெரியணும்னா இன்னா பண்ணணும்?"

ரேஷ்மாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ரொம்ப சிம்பிள் அண்ணா. எல்லாரும் அவங்கவங்க போன்லேர்ந்து புகார் போடணும். அப்ப ஆளுங்க எண்ணிக்கை சரியா வரும். அறுநூறு பேர் இருக்காங்கன்னு அவரே ஒத்துக்கணும்."

அவ்வளவுதானே! பரந்தாமன் மூன்று நாள் லீவு போட்டான். வீடு வீடாக ஏறி இறங்கினான். ஐம்பது கேபி போட்டோவை அவனே எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான். பஞ்சர் கடை பாபுவுக்குப் புள்ளி வைக்கச் சொல்லிக் கொடுத்தான். ரிடையரான இருதயராஜ் சாருக்குக் கண்ணாடி தேடிக் கொடுத்து, அவர் நாலு தடவை தப்பாகத் தட்டிய ஓடிபியை ஐந்தாம் தடவை அவனே தட்டினான். ஜெயசீலி அக்கா பழைய புகாரையெல்லாம் தன் கணக்கிலிருந்து வாபஸ் வாங்கிக்கொண்டது. வியாழக்கிழமை சாயங்காலம் கள்ளிக்குப்பத்திலிருந்து அறுநூற்றுப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒன்றாக, அறுநூற்றுப் பன்னிரண்டு புகார் போட்டுவிட்டார்கள்.

"ரேவதி, இன்னும் ஒரு வாரம். கண்டிப்பா மூடிடுவாங்க!" என்று போனில் கத்தினான். அவன் சந்தோஷத்தைக் கேட்டு அவளுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது.

திங்கட்கிழமை கூட்டம். ரேஷ்மா புதுக் கணக்கைத் திரையில் போட்டாள். கள்ளிக்குப்பம், தலைக்கு எத்தனை புகார்? ஒன்று.

ஜானகிராமன் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அறுநூற்றுப் பன்னிரண்டா இருந்த மனக்குறை, ஒரே வாரத்துல ஒண்ணுக்கு வந்துடுச்சு! ஒரு பலகை! ஒரே ஒரு பலகை!"

"சார்," என்றாள் ரேஷ்மா, "புகார் குறையல. அதே அறுநூற்றுப் பன்னிரண்டுதான். ஆளுங்கதான் கூடியிருக்காங்க. ஒருத்தர் இருந்த எடத்துல இப்ப அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்."

"அதைத்தானே நானும் சொல்றேன்! பலகை போட்ட செய்தி கேட்டு ஜனங்க குடும்பம் குடும்பமா வந்து குடியேறிட்டாங்க! யாருமே இருக்க மாட்டேன்னு சொன்ன ஏரியாம்மா அது!"

எல்லோரும் கைதட்டினார்கள். பரந்தாமனும் தட்டினான். தட்டாமல் இருந்தால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதற்கப்புறம் பலகைக்கு வந்த மவுசு சொல்லி முடியாது. "கள்ளிக்குப்பம் மாதிரித் திட்டம்" என்று வழவழப்பான தாளில் கையேடு அச்சடித்தார்கள். முகப்பேர் குடியிருப்போர் சங்கத்தில் கொந்தளிப்பு எழுந்தது. வரி கட்டுகிறவர்கள் நாங்கள், வசதி மட்டும் கள்ளிக்குப்பத்துக்கா என்று கொடி பிடித்து வந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக வாட்ஸப்பை விட்டு வெளியே வந்து நேரில் மனு கொடுத்தார்கள். ஜானகிராமன் பரிவோடு வாங்கிக்கொண்டார். ஆனால் விதி ஒன்று குறுக்கே நின்றது. பள்ளம் உள்ள இடத்தில்தான் பலகை போடலாம்.

"அப்ப பள்ளம் வெட்டுங்க!" என்றார் சங்கச் செயலாளர்.

வெட்டினார்கள். சங்கத்து ஆட்கள் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

பூஜ்யம் புகாரோடு முன்மாதிரியாக விளங்கும் பட்டாபிராமை மட்டும் விட்டுவிட முடியுமா? நன்னடத்தைக்குப் பரிசாக அங்கே ஆறு பள்ளம் அனுமதிக்கப்பட்டது. அதில் மூன்றாவது பள்ளம் எங்கே விழுந்தது தெரியுமோ? ரேவதியின் அம்மா வீட்டு வாசலில். பரந்தாமன் இதில் எந்தக் கையும் வைக்கவில்லை, சத்தியம். கோப்பு அவன் மேஜை வழியாகப் போனது, வரைபடத்தில் அந்தத் தெருப் பெயரையும் பார்த்தான், அவ்வளவுதான். அதற்கு மேல் பார்த்தால் நடுநிலைமை கெட்டுவிடும் என்று உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான்.

நாலாம் நாள் சாயங்காலம் பரந்தாமன் ஆபீசிலிருந்து வரும்போது, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ரேவதி பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். பலகையில் ஒரு காலை வைத்து ஆட்டிப் பார்த்தாள். அப்புறம் விறுவிறுவென்று நடந்து வந்துவிட்டாள்.

"ரேவதி! பள்ளம் இன்னும் மூடலியே..." என்றான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

"தெரியுதுய்யா, கண்ணு நல்லாத்தான் கீது. அங்கயும் தோண்டிட்டானுங்க. அங்க பலகை அடுத்த டெண்டர்ல வருதாம். இங்க பலகையாவது கீது." ஒரு நிமிஷம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாய்யா இப்டி இளைச்சுட்ட? சாப்டியா இல்லியா?"

பரந்தாமனுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று அந்த வீட்டில் கத்தரிக்காய்க் கொத்சு கொதித்த வாசனை தெரு முழுக்க அடித்தது. சாப்பிட்டு முடித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவனின் கைபேசியில் வாரியத்திலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. "தங்கள் பகுதியில் நிறுவப்பட்டுள்ள பள்ளம் மற்றும் பலகை குறித்துத் தாங்கள் திருப்தி அடைகிறீர்களா? ஆம் / இல்லை."

அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் இது போயிருக்கும். அறுநூற்றுப் பதினோரு பேர் 'இல்லை' என்றுதான் போடப்போகிறார்கள். நாம் ஒருத்தன் போடுகிறதில் என்ன ஆகிவிடும் என்று பரந்தாமன் யோசித்தான். இந்தத் தெருப் பள்ளம் இல்லாவிட்டால் பட்டாபிராமில் பள்ளம் வந்திருக்காது. பட்டாபிராமில் பள்ளம் வராவிட்டால் ரேவதி வந்திருக்க மாட்டாள். இப்போது மூடித் தொலைத்தால், அங்கே மட்டும் பள்ளம் இருந்தால், மாமியாரும் கிளம்பி வந்துவிடுவார். 'ஆம்' என்று அமுக்கிவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் உத்தரவு வந்தது. "கள்ளிக்குப்பம் பொதுமக்களின் பேராதரவினைக் கருத்திற்கொண்டு, நல்லதம்பி தெருப் பள்ளம் நிரந்தரமாக்கப்படுகிறது. அதனை மூட முயல்வது தண்டனைக்குரியது."

பரந்தாமன் உத்தரவைத் திருப்பித் திருப்பிப் படித்தான். தன் ஒருவனுடைய 'ஆம்' எப்படிப் பேராதரவு ஆனது? ஏதாவது ஃபில்டர் கோளாறாக இருக்கும் என்று ரேஷ்மாவிடம் ஓடினான்.

"ஃபில்டரே போடல அண்ணா," என்றாள் ரேஷ்மா. "இந்த ஒரு கணக்குதான் நேரா வந்திருக்கு. நானே ரெண்டு தடவை சரிபார்த்தேன்."

அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் 'ஆம்' என்று போட்டவர்கள் அறுநூற்று நாலு. மற்ற எட்டுப் பேர் செய்தியைத் திறக்கவே இல்லை. பேர் பார்க்கக் கூடாது என்பது விதி. பரந்தாமன் பார்த்தான். பஞ்சர் கடை பாபு, ஆம். பள்ளத்து விளிம்பில் சக்கரம் மாட்டிப் பஞ்சராகிற வண்டியெல்லாம் அவன் வாசலில்தானே வந்து நிற்கும். இருதயராஜ் சார், ஆம். தண்ணி லாரி வராததால் எட்டு மாதமாக மத்தியானத் தூக்கம் நன்றாக இருக்கிறது மனுஷனுக்கு. ஜெயசீலி அக்கா, ஆம். புகார் எழுத வருகிற கூட்டம் இல்லாவிட்டால் அந்தக் கடையில் ஈ ஓட்ட வேண்டும். ஒவ்வொரு பேருக்கும் ஒரு காரணம் அவனுக்கே தெரிந்தது.

சாயங்காலம் ஜெராக்ஸ் கடை வாசலில் தெருவே திரண்டிருந்தது. உத்தரவின் நகலை ஜெயசீலி உயர்த்திப் பிடித்துக் காட்டினாள்.

"எவனோ ஒருத்தன் திருப்தின்னு போட்டுகீறான்! நம்ம தெருவுக்குள்ளயே ஒரு துரோகி கீறான்! யாருன்னு தெரியட்டும், அந்தப் பள்ளத்துலயே தள்ளி மூடுறேன்!"

"வுடாத அக்கா! அவன நான் பாத்துக்கிறேன்!" என்று பாபு சட்டைக் கையை மடித்தான்.

"மனசாட்சியே இல்லாத ஜென்மம்," என்றார் இருதயராஜ் சார், துக்கமாகத் தலையை ஆட்டி.

எல்லோரும் பரந்தாமன் பக்கம் திரும்பினார்கள். "அண்ணாத்தே, நீ ஆபீசுல கீற ஆளு. சொல்லு, யாரு அந்த ஆளு?"

பரந்தாமன் கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தான். ஒவ்வொரு முகத்திலும் அப்படி ஒரு கோபம், நிஜமான கோபம்.

"பேர் தெரியல," என்றான். பிறகு எல்லோரையும்விடப் பலமாகக் கத்தினான்: "ஆனா ஒண்ணு சொல்றேன். சொந்தத் தெருவுக்கே இப்டி ஒரு வேலைய பண்ண அந்த ஆளு மட்டும் என் கையில கெடைக்கட்டும், அப்புறம் கீது அவனுக்கு!"

கூட்டம் விசிலடித்துக் கைதட்டியது. ஜெயசீலி அக்கா கணினியைப் போட்டுவிட்டு, புதுப் புகாருக்கு எல்லோரையும் வரிசையில் வரச் சொன்னாள்.